நீலப் பேனையில் வெட்டிய கேள்வி

சிவப்புப் பேனையின் மூடியைப் பல்லால் கழற்றிவிட்டு, பெற்றீசியா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்கிறார். அதன் பிறகுதான் கேள்வியில் கை வைப்பார். முன்னால் விரிந்து கிடப்பவை ஒன்பது வருடத்துச் சமூகவியல் வினாத்தாள்கள். பக்கத்தில் பச்சைப் பேனை ஒன்று, நீலப் பேனை ஒன்று. சிவப்பில் வட்டம் போட்டால் அந்தக் கேள்வி நிச்சயம் வரும். பச்சை என்றால் வரலாம். நீலத்தில் குறுக்கே வெட்டிவிட்டாரோ, அந்தக் கேள்வி செத்தது. அதற்குமேல் அதைப் படிக்கிறவன் மடையன்.

"சமூக அடுக்கமைவு போன வருஷமும் வந்துச்சு, அதுக்கு முந்துன வருஷமும் வந்துச்சு. இனி அந்தப் பக்கம் தலை வச்சும் படுக்க மாட்டாங்க," என்று சொல்லி நீலப் பேனையை எடுக்கிறார். நாங்கள் மூன்று பேரும் பவ்வியமாக எங்கள் கொப்பிகளிலும் அதை வெட்டிக்கொள்கிறோம்.

இது நடக்கும் இடம் பிள்ளைக் காம்பரா. ஹட்டனிலிருந்து முக்கால் மணித்தியாலம் பஸ்ஸில் போனால் பெற்றீசியா குடியிருக்கும் தேயிலைத் தோட்டம் வரும். கொழுந்துக்குப் போகிற தாய்மார் கிழமை நாட்களில் பிள்ளைகளை விட்டுப்போகும் அறை, ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் பல்கலைக்கழகம். நாற்காலிகள் எல்லாம் நான்கு வயதுக்காரருக்காகச் செய்தவை. நான் தபாற்கந்தோரில் முத்திரை விற்கிறவன், வயது நாற்பத்திரண்டு, எடை எண்பத்தைந்து கிலோ. முழங்கால் தாடையில் இடிக்க, சுவரில் வரைந்த யானை என்னைப் பார்க்க, வேலையில் இருந்தபடியே வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். எங்கள் கூட்டத்தில் பாடசாலை உதவி ஆசிரியர் வினோஜனும் கூட்டுறவுக் கடைக் கிருஷாந்தியும் உண்டு. அவர்களும் இதே நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

பெற்றீசியாவுக்கு வயது முப்பத்துநான்கு. ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கிற வேலை. கணவர் ஜோர்ஜ் ஆட்டோ ஓட்டுகிறார், பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. ஊரார் கொண்டுவந்து கொப்பி எடுக்கிற வினாத்தாள்களில் ஒன்றைத் தனக்கும் எடுத்து வைத்துக்கொண்டதில் தொடங்கியதுதான் இந்தக் குறி சொல்லும் தொழில். அதற்கு அவர் வைத்திருக்கும் சூத்திரம் எந்தப் பேராசிரியருக்கும் தெரிந்திருக்காது. தேயிலையில் ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் திரும்ப அதே மலைக்கு வர ஏழெட்டு நாளாகும். அந்தச் சுற்றுக்கு ரவுண்டு என்று பெயர். நாளைக்கு எந்த மலை என்று தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லோருக்கும் தெரியும், வேலை பிரித்துவிடும் கண்டாக்கு சொல்ல வேண்டியதில்லை.

"கேள்வி போடுறவரும் கண்டாக்கு மாதிரிதாங்க. நேத்துப் பறிச்ச மலைக்கு இன்னைக்கு ஆள் ஏத்துவாரா? ரவுண்டு வரணும்ல," என்பார். குடும்பம் அவருக்கு மூன்றாம் நம்பர் மலை. நகராக்கம் ஏழாம் நம்பர். ஆய்வு முறையியல் கவ்வாத்து வெட்டிய மலை, இப்போதைக்குத் துளிர்க்காது. சமூகவியல் நோட்ஸின் அட்டையில் இருக்கும் மூன்று வெள்ளைக்கார அறிஞர்களின் பெயர்கூட அவருக்கு ஒழுங்காக வராது. பெரிய தாடி, சின்னத் தாடி, கண்ணாடி. "பெரிய தாடி இந்த முறை ஷுவர். கண்ணாடிக்கு லீவு."

சும்மா சொல்லக்கூடாது, பலித்திருக்கிறது. மூன்று வருடமாக அவர் சிவப்பில் வட்டமிட்ட நான்கில் மூன்று வந்துகொண்டிருக்கிறது. கந்தப்பளையிலிருந்து ஒரு டீச்சர் பாஸான கையோடு பட்டர் கேக்கும் சேலையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பரீட்சைக்கு முந்திய கிழமையில் பெற்றீசியாவின் போன் ஓயாது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, தேங்காய் துருவியபடி, மகளுக்குத் தலை பின்னியபடி, அடுப்பை ஊதியபடி ஊருக்கெல்லாம் சொல்லுவார்: "சமூகமயமாக்கல் பாருங்க, விலகல் நடத்தை பாருங்க, வறுமைய விட்றுங்க."

அந்த மூன்று வருடமும் அதே பாடத்தில் பெற்றீசியா ஃபெயில்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. அவருக்குக் கேள்வி தெரியும், விடை தெரியாது. "கேள்வி தெரிஞ்சா பாதி முடிஞ்ச மாதிரி," என்பது அவர் வாக்கு. மற்றப் பாதிக்கு அவருக்கு நேரம் வாய்த்ததே இல்லை. இந்த முறை விஷயம் விளையாட்டல்ல. பதிவுக்காலம் முடிகிறது, இதுதான் கடைசித் தடவை. இதிலும் போனால் ஏற்கெனவே பாஸான எட்டுப் பாடங்களும் சேர்ந்து போய்விடும். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வயதும் இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க அடுத்தவர் சான்றிதழைக் கண்ணாடியில் கவிழ்த்துக் கொப்பி எடுக்க வேண்டியதுதான்.

அதனால் இந்த முறை விடையும் பாடமாக்குவது என்று தீர்மானித்தோம். கொழும்பில் ஒரு பிரபல ஆசிரியர் எழுதிய நோட்ஸ், நூற்று எண்பது பக்கம். அவர் தேயிலைச் செடியைப் பக்கத்தில் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம். ஒரு ஞாயிறு, 'பெருந்தோட்டப் பெண்களின் இரட்டைச் சுமை' என்ற பக்கத்தை எல்லோரும் சேர்ந்து சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தோம். "பெருந்தோட்டப் பெண்கள் காலை ஆறு மணிக்குத் துயிலெழுந்து, தமது வீட்டுக் கடமைகளை நிறைவேற்றி, அதன் பின்னர்..."

பிளேன்டீ கொண்டுவந்த ஷிராணி வாசலிலேயே நின்றுவிட்டார். பெற்றீசியாவின் அண்ணன் மனைவி, அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர்.

"யாரு, ஆறு மணிக்கு எந்திரிக்கறது?"

"நம்மதான் அண்ணி. நோட்ஸ்ல போட்டிருக்கு."

"எங்க லயத்துல ஆறு மணிக்கு எந்திரிக்கறது ஒங்கண்ணனும் ஜோர்ஜும்தான். ஆறரைக்குப் பெரட்டுல நின்னு வேலைக்குப் பேர் குடுக்கணும். ஆறுக்கு எந்திரிச்சா பிள்ளைக்கு ரொட்டி யாரு சுடுறது, அந்த நோட்ஸ்காரரா?"

வினோஜன் சிரித்தே விட்டான். பெற்றீசியா சிரிக்கவில்லை. அன்று காலையும் நாலு மணிக்கு எழும்பியவர்தான் அவர். அடுப்புக்கரி விரல் நகத்தில் அப்படியே இருந்தது. "அண்ணி, நோட்ஸ்ல இருக்கறத மாத்தக் கூடாது. பேப்பர் திருத்துறவரும் இதே நோட்ஸதான் வாசிச்சிருப்பாரு. நம்ம நாலுன்னு எழுதுனா, இது என்ன புதுசா இருக்குன்னு வெட்டிப்புடுவாரு."

"அப்ப நாங்க பொய்யா?"

"அண்ணி, இது போன வருஷம் பறிச்ச மலை. இந்த முறை வராது. வராத கேள்விக்கு எதுக்குச் சண்டை?" என்று சொல்லி, நீலப் பேனையால் அந்தப் பக்கத்தைக் கோணல்மாணலாக வெட்டினார். சண்டையை முடித்துவைக்கத்தான் வெட்டினார் என்பது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நானும் என் பக்கத்தை வெட்டினேன். தேநீர் நன்றாக இருந்தது.

பரீட்சை கண்டியில், ஒரு சனிக்கிழமை. தாளைப் புரட்டினால் முதலாவது வினா, கட்டாயம் எழுத வேண்டியது, நாற்பது புள்ளி: பெண்களின் இரட்டைச் சுமை என்பதை, நீர் நன்கறிந்த ஒரு சமுதாயத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்க.

கிருஷாந்தி மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். வினோஜன் முழுதாகத் திரும்பிப் பெற்றீசியாவைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. வெட்டிய பக்கத்திலிருந்து எனக்கு ஞாபகம் இருந்தது அந்த ஆறு மணி வரி ஒன்றுதான், அதை எழுதினேன். எனக்கு முன் வரிசையில் பெற்றீசியா பத்து நிமிடம் பேனையைத் தொடவேயில்லை. பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். எழுதத் தொடங்கியவர் தலை நிமிரவில்லை. மேலதிகத் தாள் கேட்டு மூன்று முறை கை தூக்கினார். கேள்வி தெரிந்த வருடங்களில் அந்த மனுஷி ஒருமுறைகூட மேலதிகத் தாள் வாங்கியதில்லை.

வெளியே வந்ததும் வினோஜன் பிடித்துக்கொண்டான். "வராதுன்னு நீங்கதானே அக்கா வெட்டுனீங்க."

"வெட்டினேன் தம்பி. கண்டாக்கு ரவுண்ட ஒடச்சிட்டான், நான் என்ன செய்ய."

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் பெற்றீசியா இருந்தார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வீட்டத்தான் அண்ணே. வேற என்ன தெரியும் எனக்கு? நாலு மணிக்கு எந்திரிக்கறதுல ஆரம்பிச்சேன். ரெண்டு தாள் முடிஞ்சிருச்சு, அப்பவும் விடியல." விரலில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்தார். "நோட்ஸ்ல ஒரு வரி எழுதல. பெரிய தாடி, சின்னத் தாடி ஒருத்தரும் இல்ல. அண்ணி பேரக்கூட எழுதிட்டேன். ஃபெயில்தான் அண்ணே, எல்லாம் போச்சு." கினிகத்தேனை தாண்டும் வரை துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. பெண்களை ஆறு மணிக்கு எழுப்பி எழுதிய எனக்கு ஒரு சாதாரண சித்தி, வெறும் பாஸ். வினோஜனும் கிருஷாந்தியும் மறுபடி எழுத வேண்டும். பெற்றீசியாவுக்கு 'பி' தரம். கடையிலேயே போனில் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொருவர் போனிலும் பார்த்தாராம். ஷிராணியிடம் சொன்னபோது, "அப்ப பாதி மார்க்ஸ் எனக்குக் குடு," என்று கேட்டுவிட்டு அவர் கொழுந்து நிறுக்கப் போய்விட்டார்.

நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. பதில் வரும் வரைக்கும் போட்டோக்கொப்பிக் கடைதான். போன கிழமை ஒரு பதிவுத் தபாலோடு அந்தப் பக்கம் போனேன். இந்த வருடம் எழுதப்போகிற இரண்டு பெண்பிள்ளைகள் வினாத்தாள் கட்டோடு கவுண்டரில் நின்றார்கள்.

"அக்கா, இந்த முறை எது வரும்?"

எல்லாவற்றையும் படியுங்கள், சொந்தமாக எழுதுங்கள் என்று புத்தி சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். பெற்றீசியா மேசை லாச்சியை இழுத்து மூன்று பேனைகளையும் எடுத்தார். பிறகு அந்தக் கொழும்பு நோட்ஸைப் புரட்டி, நீலத்தில் வெட்டிய பக்கத்தை உருவினார்.

"ஒரு எழுத்து மாத்தாம அப்படியே பாடமாக்கிருங்க. எத்தனை பேருக்கு?"

"பன்னெண்டு பேருக்கு அக்கா."

சிவப்புப் பேனையின் மூடியைப் பல்லால் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு, 'ஆறு' என்பதை அடித்து, மேலே 'நாலு' என்று எழுதினார். தாளைக் கண்ணாடியில் கவிழ்த்து, மெஷின் மூடியைச் சாத்தி, பன்னிரண்டை அமுக்கினார்.