பனிக்கு ஐந்து மணி நேரம்

ஆக்லாந்தில் பனி பெய்யாது என்பதுதான் என் தொழிலுக்கு முதலீடு. இங்கே குளிர்காலம் என்றால் மழை, சேறு, காயாத துணி, அவ்வளவுதான். பனி வேண்டுமென்றால் தெற்கே ஐந்து மணி நேரம் வண்டியில் போய் ருவாபெஹு மலை ஏற வேண்டும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சனி, ஞாயிறுகளில் பதினோரு பேரை வேனில் ஏற்றி அங்கே கூட்டிப்போய்க் கூட்டிவருகிறேன். மற்ற நாட்களில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஒன்பது வருடமாக இதே கதைதான். நீங்களும் கடையில் நிற்கிறவரோ, டாக்சி ஓட்டுகிறவரோ, விருந்தாளிக்கு ஊர் சுற்றிக்காட்டி இடுப்பொடிந்தவரோ என்றால் நான் சொல்லப்போகும் இவையெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும், வேறு ஏதாவது ஓர் இடத்தில்.

மூடிய பாதை

ஆக்லாந்தின் பக்குரங்கா பகுதியில் ராமநாதன் என்று ஒரு சாஃப்ட்வேர்காரர். மதுரையிலிருந்து அவருடைய அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அம்மாவுக்குப் பனி காட்ட இரண்டு முறை புக் செய்து, இரண்டு முறையும் ஆபீஸ் வேலை என்று ரத்து செய்தார். மூன்றாவது முறை வந்தபோது அம்மா ஊருக்குத் திரும்ப மூன்று நாள்தான் பாக்கி. வழி நெடுக மகன் போனில்தான் இருந்தார். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஆடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மலையடியில் இருக்கும் ஒஹாகுனே ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, பலத்த காற்று என்று மலைப்பாதையின் கேட்டை மூடிவிட்டார்கள். ராமநாதன் இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "கிளம்பும்போதே இது தெரியாதா உங்களுக்கு? என்ன தொழில் பண்றீங்க?" நான் கிளம்பும்போது பாதை திறந்துதான் இருந்தது, காற்று பிறகுதான் எழுந்தது. சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. மற்றவர்கள் முன்னால் என் முகம் எரிந்தது. எல்லோரையும், கேரட் விளைச்சலுக்குப் பேர்போன அந்த ஊரின் பெரிய கேரட் சிலைக்குக் கூட்டிப்போய், ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் மட்டும் தள்ளி நின்று, மேகம் மூடிய மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் மகனுடைய ஜாக்கெட்டைப் போட்டிருந்த அம்மா, ஒரு டீயை அவருக்கும் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். நான் பக்கத்தில் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"ஒரு நாள் என்கூட இருடான்னுதான் கேட்டேன். பனியெல்லாம் நீயா சேத்துக்கிட்டது."

பத்துப் பேர்

மலை மேல் வேன் கதவைத் திறப்பதற்கு முன் ஒன்றைத் தவறாமல் சொல்வேன். மேகம் இறங்கி எதிரே எதுவும் தெரியாமல் போனால் நடக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே உட்காருங்கள். ஆள் தேடி வரும். பாதிப் பேர் கையுறை மாட்டிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேகம் அப்படி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. ஒவ்வொருவராகத் தட்டுத்தடுமாறி வேனுக்கு வந்து சேர்ந்தார்கள். எண்ணினேன். பத்து. பாபகூராவிலிருந்து தனியாக வந்திருந்த மாலதியைக் காணோம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, இந்த நாட்டுக்கு வந்து ஐந்து மாதம், யாரோடும் அதிகம் பேசாத பெண். டாய்லெட்டில் இருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நின்றேன். அந்தப் பத்து நிமிடத்துக்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் இல்லை.

பிறகு ஓடிப்போய் மீட்புக் குழுவிடம் சொன்னேன். முதல் கேள்வியே, "என்ன கலர் ஜாக்கெட்?" எனக்குத் தெரியவில்லை. ஐந்து மணி நேரம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள், எனக்குத் தெரியவில்லை. ஒருவர் எடுத்த குடும்பப் போட்டோவின் ஓரத்தில் அவள் நின்றிருந்தாள். பச்சை ஜாக்கெட். நாற்பது நிமிடம் கழித்து அவர்கள் அவளைக் கூட்டிவந்தார்கள். சறுக்குப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம், வேனிலிருந்து இருநூறு அடிகூட இருக்காத இடத்தில். உதடு நீலம் பாரித்திருந்தது. "மன்னிச்சுக்கம்மா, உடனே தேடியிருக்கணும்" என்றேன். அவள் நான் கொடுத்த டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வண்டிக்குள் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நீங்க காலையில சொன்னதைக் கேட்டது நான் ஒருத்திதான் போல."

இப்போதெல்லாம் பெயருக்கு நேராக ஜாக்கெட்டின் நிறத்தையும் எழுதிக்கொள்கிறேன்.

ஐஸ் பெட்டி

கிளென்ஃபீல்டில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம். புருஷன், பெண்டாட்டி செல்வி, ஏழு வயது நிலா. மூன்று பேரும் போட்டிருந்தவை இரவல் ஜாக்கெட்டுகள். நிலா இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று வானம் அவ்வளவு தெளிவு. அந்த மாதிரி நாள் ஒரு சீசனுக்கு நாலைந்துதான் வாய்க்கும். பிள்ளை விழுந்தாள், எழுந்தாள், மறுபடி மேலே ஏறினாள். அப்பாவும் அம்மாவும் ஒரு நிமிடம்கூட உட்காராமல் அவளையே மாறி மாறிப் படம் எடுத்தார்கள். இவ்வளவு படம் எதற்கு என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நேரத்தில் நிலா இரண்டு கையிலும் பனியை உருட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். சாப்பாடு கொண்டுவந்த ஐஸ் பெட்டியில் இதை வைக்கலாமா, வீட்டுக்குப் போய் ஃப்ரீசரில் வைத்து அடுத்த குளிர்காலம் வரை பத்திரமாக வைத்துக்கொள்வேன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தயிர்சாத டப்பாக்களை வெளியே எடுத்து இடம் செய்துகொடுத்தேன். அவள் உருண்டையை வைத்து, மூடியை அழுத்தி, அப்பாவிடம் சொல்ல ஓடினாள். செல்வி அங்கேயே நின்றார். புருஷனுக்கு வேலை போய்விட்டது, வேலையோடு விசாவும் போயிற்று, வருகிற வியாழக்கிழமை விமானம், பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். உருகாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"கொண்டுபோய்ச் சேத்துடலாம்ண்ணா. ஃப்ரிட்ஜை நேத்தே வித்தாச்சு."

பூட்ஸ் வேண்டாம் என்றவர்

சிவநேசன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பஸ் டிரைவர். மனைவியோடும் இரண்டு மகன்களோடும் வந்தார். வாடகைக்குப் பனிப் பூட்ஸ் எடுக்க எல்லோருடைய கால் அளவையும் கேட்டேன். "எனக்கு வேண்டாம்" என்றார். மேலே போனதும் எல்லோரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

தலைசுற்றலோ என்று கேட்கப் போனேன். "இல்லைத் தம்பி, இருங்கோ" என்றார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். தொழில் ஒற்றுமையோ என்னவோ, கதைக்கத் தொடங்கினார். இருபது வயதில், சண்டைக்குத் தப்பி, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குப் பின்னால் ரஷ்யா வரைக்கும் போனவர். அங்கிருந்து எல்லை கடக்க ஆறு பேராகப் பனி மூடிய காட்டுக்குள் நடந்திருக்கிறார்கள். காலில் கான்வாஸ் சப்பாத்து. மூன்றாம் நாள் கூட வந்த ஒருவன் மரத்தடியில் உட்கார்ந்தானாம். "கொஞ்சம் இருந்துட்டு வாறன், நீங்கள் போங்கோ எண்டவன். வரேல்லை" என்றார். பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டபோது அவருடைய இடது காலில் மூன்று விரல்தான் மிச்சம். அதன்பின் பல வருடம் கழித்து அக்கா மூலமாக ஆக்லாந்துக்கு வந்தவர். மரத்தடியில் உட்கார்ந்தவனின் தாய்க்கு இன்றைக்கும் மாதம் ஒருமுறை போன் எடுக்கிறார். மகன் வழியில் காய்ச்சலில் படுத்து நித்திரையிலேயே போனான் என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாராம்.

வெளியே அவருடைய சின்ன மகன் பனியில் மல்லாந்து படுத்துக் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவர் சட்டென்று எழுந்து கதவுப் படி வரைக்கும் போய் நின்றார். அவன் எழும்பி இவரைப் பார்த்துக் கையசைத்தான். இவரும் கையசைத்தார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டேன்.

"இல்லை. எனக்கு இந்தப் பனியை நல்லாத் தெரியும் தம்பி, அவங்களுக்கு உது விளையாட்டாவே இருக்கட்டும்."

ஒன்பது குளிர்காலம் போய்வந்தும் அந்த மலையில் நான் ஒருமுறைகூடச் சறுக்கியதில்லை என்றால் யாரும் நம்புவதில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கே போகிறவர்களில் யாராவது ஒருவருக்கு வேனுக்குள் துணை தேவைப்பட்டுவிடுகிறது.