உப்பு ஏறாத சீர்

போன மாதம் மகளின் சீர்ச் சாமான்களோடு கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் டெம்போவில் போனேன். எல்லைச் சோதனைச்சாவடி வருமுன்னே என் கை சட்டைப்பையில் பில்லைத் தேடியது. ஜி.எஸ்.டி. வந்ததும் சாவடியை மூடிவிட்டது எனக்குத் தெரியும்; கைக்குத் தெரிய வேண்டுமே. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், முத்திரை குத்துகிற மேசையைக் கண்டால் இன்றும் கும்பிடு போட்டுவிடுவேன்.

வெயிலில் காய்ந்த தார்ப்பாய் வாசனை. அக்கா கல்யாணத்தன்றும் இதே வாசனைதான். அப்போது நான் டெம்போ ஓட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் தாய்மாமன். அக்கா முன்னால் காரில் போய், மாப்பிள்ளை ஊர் எல்லையில் காத்திருந்தாள். சீர் வந்து சேராமல் உள்ளே நுழைந்தால் வெறுங்கையோடு வந்தவள் என்ற பேச்சு ஆயுசுக்கும் போகாது.

சாவடியில் மடக்கினார்கள். கட்டில், பீரோ, பித்தளை அண்டா எல்லாம் புதிது. விற்கக் கொண்டுபோகிறோம் என்று சந்தேகம். நான் இறங்கித் தார்ப்பாயை அவிழ்த்தேன். அதிகாரி மலையாளி. மளிகைக் கூடையைக் கிளறிவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாம் உண்டு. உப்பு எவிடே?"

"எல்லை தாண்டித்தானுங்க சார் வாங்கோணும். எங்கூட்டு வழக்கமுங்க" என்றார் மாமா.

அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் கொச்சி ராஜா, அந்தப் பக்கம் வெள்ளைக்காரன். ராஜா தீர்வை போட்டாலும் மெட்ராஸிலிருந்து வெள்ளைக்காரன் தலையாட்ட வேண்டுமாம். இதெல்லாம் மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று அதிகாரியிடம் அவ்வளவு நீட்டவில்லை.

"ராஜா காலத்துல இங்க தீர்வை வாங்குற சவுக்கை இருந்துச்சுங்க. எங்க அத்தை கல்யாணத்துல, தீர்வை கட்டாத உப்புன்னு சீர்க்கூடையோட மண்ணுல கொட்டிப்போட்டாங்க. அந்தப் புள்ள அழுதுட்டே புருசன் ஊட்டுக்குப் போச்சுங்க. அதுக்கப்புறம் எங்க சீர்ல உப்பு ஏறுனதில்லீங்க."

அதிகாரி கூடைமேல் துணியைத் தானே இழுத்து மூடினார். தடுப்புக் கம்பைத் தூக்கச் சொன்னார். எல்லைக்கு அப்பாலிருந்த மளிகைக் கடையில் மாமா கல்லுப்பு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அக்கா அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் காரை விட்டு இறங்கினாள்.

மாமா இப்போது இல்லை. போன மாதம் அந்தக் கடையைத் தேடினேன். அந்த இடத்தில் ஏதோ கண்ணாடிக் கட்டடம். டிரைவர் தம்பியிடம் உப்பு வாங்க வேண்டும், நிறுத்து என்றேன்.

"எதுக்குங்கண்ணா? அத உங்க புள்ள சாமான் ஏத்தறப்பவே குக்கருக்குள்ள வெச்சுருச்சுங்க."

கொழிஞ்சாம்பாறையிலிருந்தே உப்பு எங்களோடு வந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, யாரும் கொட்டவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனாலும் திரும்பிப் பார்த்தேன். சாவடிக் கூரைக்கடியில் யாரோ தேங்காய் மட்டை காயப்போட்டிருந்தார்கள். அந்த அத்தையின் உப்பு விழுந்த இடம் எதுவென்று காட்ட மாமா இல்லை. அதன்மேல்தான் வண்டி வந்திருக்கும்.