மாலதியின் பதினோரு வரிகள்

தொண்ணூறுகளில், ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கேம் ஆபீசில் வசனம் எழுதப் போனேன். என்னை எடுத்த காரணத்தை முதல் நாளே பாஸ் சொல்லிவிட்டார்.

“பொம்பள கேரக்டர் ஒன்னு இருக்கு. அதுக்கு ஒரு பொம்பளதான் எழுதணும் லா.”

அந்தக் கேரக்டர் மாலதி. கோட்டையில் சிறை வைக்கப்பட்ட இளவரசி. மொத்தம் பதினோரு வரி. ஏழு ‘காப்பாற்றுங்கள்’, நான்கு ‘நன்றி’. கூடுதலாகக் கேட்டால் டிஸ்கில் இடமில்லையாம். ஹீரோவின் வாளை வர்ணிக்க மட்டும் மூன்று பக்கம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போட்டு வாளை அரைப் பக்கமாக்கினேன். மாலதியைத் தளபதி ஆக்கினேன். எதற்கும் பயப்படாதவள், எதிலும் தோற்காதவள். பாஸ் ஒரு நிபந்தனை போட்டார்.

“வெளிய இருந்து ஒரு பொம்பள வந்து ஆடிப் பாக்கட்டும். புடிக்கலன்னா பழைய மாலதிதான்.”

என் பக்கத்து வீட்டு ராணி அக்காவைக் கூட்டி வந்தேன். புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் லைன் லீடர்; ஒரு வரிசைப் பெண்களுக்கு மேற்பார்வை. இருபது நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

“இவ தப்பே பண்ண மாட்டாளா, தங்கச்சி? இவகூட கேண்டீன்ல உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்க முடியாது லா.”

பாஸுக்கு வாயெல்லாம் பல். எனக்கோ அவமானம். ஆனால் அக்கா சொன்னது சரி. பாஸ் மாலதியைக் கோட்டையில் பூட்டினார். நான் பூஜை அறையில் பூட்டியிருந்தேன். கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன்.

புது மாலதி வாசல் காவல்காரி. ஒருநாள் கதவைப் பூட்ட மறக்கிறாள், எதிரி நுழைந்துவிடுகிறான். விசாரணையில் உண்மையைச் சொல்லலாம், அல்லது கூட வேலை செய்தவள்மேல் பழி போடலாம். ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

“ஹீரோயின் பொய் சொல்லலாமா? ஃபேமிலி கேம் லா இது!” என்றார் பாஸ்.

“ஹீரோ வீடு வீடாப் பூந்து சாமானத் தூக்குறானே, பாஸ்?”

“அது கேம்ப்ளே, ஆட்டத்துல அப்படித்தான்.”

ராணி அக்கா மறுபடி வந்தார். கேள்வி வந்ததும் யோசிக்காமல் பொய்யை அழுத்தினார். திரையில், பழி விழுந்த தோழியை வேலையை விட்டு விரட்டினார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“பின்னாடி போக முடியுமா?”

“முடியாதுக்கா.”

“என் லைன்லயும் ஒரு புள்ள இப்படித்தான் போச்சு. நான் அவமேல பழி சொன்னதாலதான்.”

கேமை முதலிலிருந்து ஆரம்பித்தார். இம்முறை அந்தக் கேள்வியின் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மறுபடியும் பொய்யையே அழுத்தினார்.

“வேலை போயிருமே, தங்கச்சி.”

புது மாலதியே இருக்கட்டும் என்றார் பாஸ். எழுத வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பெண்ணை உயர்த்தி எழுதுவது சுலபம். அவள் பயந்துபோய்ச் செய்ததை, அவளைக் கைவிடாமல் எழுதுங்கள்.