காலுக்காக நின்ற ஜீப்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடியப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு ஜீப் ஓட்டுகிறவன் நான். அன்று சுற்றுலாக் கூட்டம் தாங்கவில்லை. காலையிலிருந்து மலை ஏறுவதும் இறங்குவதுமாக, இருக்கையை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் முறை மலை இறங்கும்போது வலது தொடை இழுத்தது. பிறகு பாதம் மரத்துப்போனது. நிறுத்திவிட்டுக் காலை உதறியிருக்கலாம். ஆனால் அப்படி நிறுத்துகிற இன்னொரு டிரைவரை ஸ்டாண்டில் 'தாத்தா' என்று கேலி செய்ததே நான்தான். வாய்க்கொழுப்பு, வேறென்ன? தொடையைக் கையால் குத்திக்கொண்டே ஓட்டினேன்.

பக்கத்து இருக்கையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பழம் பறிக்கும் அம்மா. என் வயதுதான் இருக்கும். பாதி மலை இறங்கியதும் ஓரமாக நிறுத்தச் சொன்னார். வளைவுகளில் வாந்தி வருவது வழக்கம்தானே, சலித்துக்கொண்டே ஒதுக்கினேன். சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கி வலது காலை ஊன்றினேன். கால் மடங்கிவிட்டது. கதவைப் பிடித்துத் தொங்கினேன். பிரேக் மிதிக்கிற கால் அது. வண்டியில் அவரோடு சேர்த்து ஏழு பேர்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நொம்ப நேரமாப் பாத்துட்டு வந்தனுங்க. உங்க காலுக்குத்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் அவர்.

எஸ்டேட் சரிவில் ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நாள் முழுக்க நின்று பறிப்பார்களாம். இடுப்பு இழுத்தால் அப்படியே திரும்பிக் கால் மாற்றி நிற்பார்களாம், கிளையைப் பிடித்து முதுகை நீட்டுவார்களாம். யாரும் கற்றுக்கொடுப்பதில்லையாம். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"கால் எப்படிக் கேக்குதோ அப்படி நீட்டுங்க. வலிச்சா விட்டுருங்க. அது பேச்சை நாம கேக்காட்டி, நம்ம பேச்சை அது கேக்காதுங்க."

சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காலை நீட்டினேன். இடுப்பு பக்கவாட்டில் திரும்பச் சொன்னது, திரும்பினேன். எறும்பு ஊறுவது போல உணர்வு வந்தது. அவசரமென்று முணுமுணுத்தவர்கள்கூட இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். விரல்கள் எல்லாம் அசைந்து, பாதம் தரையை உணர்ந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

சேலத்தில் அவர் இறங்கியபோது கையெடுத்துக் கும்பிட்டேன், சிரித்துவிட்டுப் போனார். இப்போது ஒவ்வொரு நடைக்கும் நடுவில் இறங்கிக் கை காலை நீட்டுகிறேன். ஸ்டாண்டில் கேலி என் பக்கம் திரும்பிவிட்டது, இருக்கட்டும். என் கால் என்னிடம் கெஞ்சியதை நான் கேட்கவில்லை; பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கேட்டார், அதனால்தான் அன்று எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்தோம்.