ஏழாவது பாட்டின் மெட்டு

அப்பாவின் தங்கை, என் அத்தை, பாட்டுக் கட்டுவாள். வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சனிக்கிழமை மதியம் மலையிலிருந்து இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துசேர நாலு மணியாகும். கிறிஸ்துமஸுக்கு முன்பு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் பாட்டுகள் எல்லாம் அவள் எழுதியவை. வார்த்தை அவளுடையது, மெட்டு சினிமாவுடையது. அதை அவள் மறைத்ததில்லை. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'மெட்டு' என்று போட்டு, அந்தச் சினிமாப் பாட்டின் முதல் வரியை எழுதிவிடுவாள்.

"ஓசி மெட்டுக்காரி வந்துட்டா" என்பார் அப்பா.

"ஓசின்னு சொல்லிட்டுத்தானேண்ணா வாங்கறேன். திருடிக்கினா வந்தேன்?"

தெருவில் எந்த மெட்டிலும் பாடலாம். சர்ச்சுக்குள் சினிமா மெட்டு கூடாது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்குச் சொந்த மெட்டில் ஒரு பாட்டு இருந்தால் தரச்சொல்லி உபதேசியார் அத்தையிடம் கேட்டிருந்தார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதக்கணக்கில் ஒரே பாட்டை முணுமுணுத்தாள். நாலே வரி. என் தலையைப் பின்னும்போது நடுவில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பாடுவாள். ஜடை பாதியில் நிற்கும்.

என் கையெழுத்து கோடு தாண்டாது. அதனால் உபதேசியாரிடம் கொடுக்க, ஆறு கேரல் பாட்டுகளையும் இந்தப் புதுப் பாட்டையும் தன் தாள்களைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதித்தரச் சொன்னாள். ஏழாவதாக இருந்த அந்தப் பாட்டின் தலையில் மட்டும் மெட்டு எழுதியிருக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். பாடிப் பார்த்தேன். இரண்டாவது வரி மேலே ஏறும் இடம் எனக்குத் தெரிந்ததுதான். அவளோடு மலைக்குப் போன பஸ்ஸில், கேசட்டில் ஓடிய ஒரு சினிமாப் பாட்டில் கேட்டிருக்கிறேன். அந்தச் சினிமாப் பாட்டின் முதல் வரியைத் தலையில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உபதேசியார் எல்லோர் முன்பும் நோட்டைத் திறந்தார்.

"ஏம்மா, இதுவும் சினிமா மெட்டுதானா?"

"இல்லீங்களே. எதுங்கய்யா?"

வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தச் சினிமாப் பாட்டை மெல்லப் பாடினாள். பிறகு தன் இரண்டாவது வரியைப் பாடினாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஆமாங்கய்யா. எனக்கே தெரியாம வந்து ஒட்டிக்கினு கீது."

"அந்த ஒரு வரிய மாத்திக்கயேம்மா."

"வேணாங்கய்யா. இன்னும் எதெது எங்கேருந்து வந்துச்சோ. பாட்டுப் புஸ்தகத்துல இருக்கற பழைய பாட்டே பாடிடலாம்."

வீட்டுக்கு நடக்கும்போது, "சரியாத்தானே அத்தை எழுதினேன்?" என்று கேட்டேன்.

"சரியாத்தான்டி எழுதின. உனுக்குக் காது ஜாஸ்தி" என்று என் தலையைத் தடவினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதன்பிறகும் வருடா வருடம் கேரல் பாட்டு எழுதினாள். சொந்தமாக மெட்டு மட்டும் போடவில்லை.

இப்போது அத்தை இல்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, வார்த்தைகள் ஒன்று விடாமல். சில சாயங்காலங்களில் பாடிப் பார்க்கிறேன். இரண்டாவது வரி உடனே வந்துவிடுகிறது. அந்தச் சினிமாப் பாட்டை டிவியில் இன்னும் போடுகிறார்கள். மற்ற மூன்று வரிகளின் மெட்டு எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. வேறு எந்தப் பாட்டிலும் அவை இல்லை. அவை அவள் ஒருத்தியிடம் மட்டுமே இருந்தன என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.