தண்ணீர் கேனும் சூடான பிரேக்கும்

சண்முகராஜ் கடைக்கு எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் சக்கரத்திடம்தான் போவார். ஓட்டி வந்தவரைப் பிறகுதான் பார்ப்பார். புறங்கையைப் பக்கத்தில் வைத்துச் சூடு பார்ப்பார், குனிந்து மோந்து பார்ப்பார். போடிமெட்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டியே பாதி வயதைக் கழித்தவர். முதுகு மக்கர் செய்ததும் ஜீப்பை விற்றுவிட்டுத் தேனி பைபாஸில் டயரும் பிரேக்கும் பார்க்கும் கடை போட்டார். வீட்டில் இரண்டு மகள்கள். அப்பா டயர் பேச்சை எடுத்தால் இரண்டு பேருக்கும் கொட்டாவி வரும். அதனால் அவருடைய சந்தேகங்களெல்லாம் கடையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

அப்படி அவரைப் பிடித்துக்கொண்ட ஒரு சந்தேகம், சுபாஸ்ரீயின் ஸ்போர்ட்ஸ் காரில் வந்தது.

சுபாஸ்ரீ போடி ஏலக்காய் வியாபாரி வீட்டுப் பெண். பெங்களூரில் சம்பாதித்த காசில் ஒரு பழைய இரண்டு கதவு கார் வாங்கி, கோயம்புத்தூர்ப் பக்கம் இருக்கும் பந்தயத் தடத்தில் ஓட்டப் போனாள். மூன்று சுற்று நன்றாகப் போனது. நான்காவது சுற்றில் பிரேக் மிதி தரையோடு போய்விட்டது. கார் வளைவை விட்டு இறங்கிப் புல்லில் ஏறி நின்றது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் விஷயம் அம்மா மகாலட்சுமியின் காதுக்குப் போய்விட்டது. கணவர் இறந்த பிறகு ஏலக்காய்த் தோட்டத்தையும் வியாபாரத்தையும் அவர்தான் பார்த்தார். வருடக்கணக்கில் சண்முகராஜ் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து மெட்டு ஏறி இறங்கியவர். மகளோடு அவரும் கடைக்கு வந்து நின்றார்.

"இன்னும் ஒரே ஒரு வாட்டி. நானும் கூட வருவேன். பிரேக் நின்னா ஓட்டட்டும். நிக்கலைன்னா அங்கனயே வித்துப்புட்டு பஸ்ல வருவோம். நீதான் தம்பி பாத்துக் குடுக்கணும்."

"மெட்டுல ஏறி இறங்குன காருதாண்ணே. அங்கன பிடிச்ச பிரேக்கு டிராக்குல ஏன் போச்சு?" என்றாள் சுபாஸ்ரீ.

சண்முகராஜுக்கும் அதே கேள்விதான். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் நிற்கிற பிரேக், சமதரையில் போவானேன்? மூடியைத் திறந்து பிரேக் ஆயிலைப் பார்த்தார். ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ஈரம் கோத்த பழைய ஆயில், சூட்டில் கொதித்திருக்கிறது. கொதித்தால் குமிழி வரும். குமிழியை மிதித்தால் குமிழிதான் அமுங்கும், சக்கரம் நிற்காது.

அது புரிந்தது. ஆனால் அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. மலை இறக்கத்தில் இரண்டாவது கியரே வண்டியைப் பாதி பிடித்துவிடும். தடத்திலோ ஒவ்வொரு வளைவுக்கும் முழு வேகத்தில் வந்து, ஒரே மிதியில் குறைத்து, மறுபடி விரட்ட வேண்டும். ஆறுவதற்கு இடைவெளியே கிடையாது.

அடுத்து டயர். மூன்று மாதத்துக்கு முன் அவரே மாட்டிக்கொடுத்ததுதான். நகத்தால் கீறிப் பார்த்தார், தடமே விழவில்லை.

"நல்லா உழைக்கட்டும்னு கெட்டியாப் பாத்துப் போட்டேன். அதான் தப்பு. உனக்கு மெத்துனு, தரையை அப்புற டயர் வேணும் பாப்பா."

"எத்தன நாள் வரும்?"

"வராது." டயர்க்காரர் வாயிலிருந்து அந்தச் சொல் லேசில் வந்துவிடவில்லை.

கோயம்புத்தூர் உதிரிபாகக் கடைக்காரருக்குப் போன் மேல் போன் போட்டு விசாரித்தார். டயரின் விலாவில் தேய்மான எண் ஒன்று இருக்கும், அது குறையக் குறைய ரப்பர் மெத்தென்று இருக்கும் என்றார் அவர். ஓடிச் சூடேறினால் உள்ளே காற்றழுத்தம் கூடும், அதனால் கிளம்பும்போது கொஞ்சம் குறைத்தே பிடிக்க வேண்டும். டிராக்குக்கென்றே செய்த பிரேக் பேடு சூடேறிய பிறகுதான் கடிக்கும், அதனால் முதல் சுற்றை நிதானமாக ஓட்ட வேண்டும். சண்முகராஜுக்கு ஒவ்வொன்றும் தலைகீழாக இருந்தது. மலையில் சூடு என்றால் பகை. இங்கே சூடு இல்லாவிட்டால் வேலையே நடக்காதாம்.

சுபாஸ்ரீ போனை நீட்டினாள். சிவப்புச் சாயம் அடித்த பெரிய பிரேக் செட் ஒன்றின் படம். "இதப் போட்டா சூப்பரா இருக்கும்ணே."

"உன் வீலுக்குள்ள இது நுழையாது. இதுக்காக வீலை மாத்தணும், வீலுக்காக டயரை மாத்தணும், அப்புறம் காரையே மாத்தணும். மொதல்ல ஆயிலு, பேடு, டயரு. அதுலயும் நிக்கலைன்னா பெருசைப் பத்திப் பேசுவோம்."

கடைசியில் பேடு கவ்விப் பிடிக்கும் வட்டத் தகடான டிஸ்க்காவது அதே அளவில் புதிதாக இரண்டு வேண்டும் என்று அடம்பிடித்து முன்சக்கரங்களில் மாட்டவைத்தாள். கழற்றிய டிஸ்க்கின் தடிமனை அளந்தார், இன்னும் ஆயுள் இருந்தது. எதையும் தூக்கிப் போடத் தெரியாத மனிதர், அவற்றைச் சாக்கில் சுற்றித் தன் வேனில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே புறப்பட்டார்கள். புது டயருக்கு நான்கு எலுமிச்சம்பழம், வழிக்குப் புளியோதரை, ஒரு பெரிய கேன் தண்ணீர் என்று மகாலட்சுமி ஏற்பாடாக வந்திருந்தார்.

தடத்தில் அவளுக்கு ஒதுக்கிய முதல் ஓட்டத்தில் பிரேக் கல்லாக நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சண்முகராஜுக்குச் சுற்றுக்குச் சுற்று முகம் மலர்ந்தது. நேரம் முடிந்ததும் சுபாஸ்ரீ அதே வேகத்தில் நேராக உள்ளே வந்து நிறுத்திக் குதித்து இறங்கினாள். முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை. காற்றழுத்தம் பார்க்கும் மானியை எடுக்கச் சண்முகராஜ் வேனுக்குப் போனார்.

திரும்பும்போது "சொய்ங்" என்று ஒரு சத்தம். சக்கரத்தைச் சுற்றி ஆவி. மகாலட்சுமி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேனைச் சாய்த்து, டிஸ்க்கின் மேல் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யக்கா! யக்கா! ஊத்தாதீக!"

"ஏன்? புகையுதுல்ல? முந்தல்ல வந்து நின்னதும் நீ எத்தன வாட்டி ஊத்தியிருக்க!"

சண்முகராஜ் கேனை வாங்கிக் கீழே வைத்தார். ஆமாம். மெட்டு இறங்கி அடிவாரத்து ஊரான முந்தலில் நிறுத்தினால், டீ சொல்வதற்கு முன்னால் நான்கு சக்கரத்துக்கும் தண்ணீர் ஊற்றுவார். எல்லா ஜீப்காரர்களும் ஊற்றினார்கள். முன்சீட்டிலிருந்து அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த அம்மாள் பழகியிருந்தார்.

ஆறிய பிறகு சக்கரத்தைக் கழற்றினார். புது டிஸ்க்கில் விளிம்பிலிருந்து உள்ளே வரை ஒரு கீறல் ஓடியிருந்தது.

"போச்சா?" என்றார் மகாலட்சுமி.

"போச்சுக்கா. ஜீப்புல பிரேக்கு கனத்த இரும்புச் சட்டி, தாங்கிருச்சு. இது தகடு. பழுக்கக் காஞ்சிருக்கும்போது தண்ணி பட்டா வெடிச்சிரும்."

"அப்ப ஜீப்புக்கு ஊத்துனது சரியா?"

"அதுவுந் தெரியலக்கா. எல்லாரும் ஊத்துனாக, நானும் ஊத்துனேன்."

சுபாஸ்ரீ காரின் மேல் சாய்ந்தபடி தரையைப் பார்த்தாள். "சரிம்மா. யாரையாச்சும் கேக்கவா, காரு வேணுமான்னு?"

"இருடீ. பிரேக் போகல. நாந்தான் கெடுத்தேன். அத எப்படிக் கணக்குல சேக்குறது?" மகாலட்சுமி சண்முகராஜ் பக்கம் திரும்பினார். "அந்தச் சாக்குல என்னமோ கெடக்கே, அத மாட்ட முடியாதா?"

மாட்டலாம். தேய்ந்ததுதான், ஆனால் அளந்து வைத்தது. அவர் மாட்டி முடிப்பதற்குள் மகாலட்சுமி கேள்விகளால் துளைத்துவிட்டார். தண்ணீர் ஊற்றக் கூடாதென்றால் எப்படித்தான் ஆறும்? காற்றில்தான். நின்றால் காற்று ஏது? அப்படியென்றால் கடைசிச் சுற்றைப் பிரேக் மிதிக்காமல் மெதுவாக ஓட்டிவிட்டு வர வேண்டும். "இத மொதல்லயே அவகிட்ட ஏன் சொல்லல?" என்றும் கேட்டுவிட்டார். டயர், பேடு, ஆயில் எல்லாம் விசாரித்த சண்முகராஜ், வண்டியை எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. அதுதான் தெரியுமே என்று இருந்துவிட்டார்.

மாலை ஓட்டத்தில் சுபாஸ்ரீ முதல் சுற்றை நிதானமாகப் போனாள். பிறகு விரட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் வேலியோரம் நின்ற மகாலட்சுமியின் வலதுகால் தானாகத் தரையை மிதித்தது. பிரேக் நின்றது. நேரம் முடிந்ததும் மாட்டுவண்டி மாதிரி ஒரு சுற்று வந்து, பிறகு உள்ளே திரும்பினாள். புகை இல்லை. பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்கைப் பிடிக்க ஜன்னலுக்குள் கை விட்ட சண்முகராஜின் மணிக்கட்டில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

"கொதிக்கிற தகட்ட இறுக்கிப் பிடிச்சா ஒட்டிக்கிறாதா தம்பி? சக்கரத்துக்குக் கல்லு வைய்யி, போதும்."

யாரும் சொல்லிக் கொடுக்காததை அந்த அம்மாள் கேட்ட பதில்களிலிருந்தே யோசித்துப் பிடித்திருந்தார். சண்முகராஜ் சிரித்துக்கொண்டே கல் தேடப் போனார்.

"அப்ப விக்கலையாம்மா?" என்றாள் சுபாஸ்ரீ.

"நின்னுச்சுல்ல. சொன்னா சொன்னதுதான். புது டிஸ்க்கு நான் வாங்கித் தாரேன். அந்தச் சிவப்பெல்லாம் கேக்காத."

கேனில் மிச்சமிருந்த தண்ணீரில் மூவரும் கை கழுவிக்கொண்டு புளியோதரைக்கு உட்கார்ந்தார்கள்.