மட்டன் றோல்சுக்குக் கையுறை போட்டது யார்?

மூன்று கிழமைக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை, என் கடைக்கு நேர் எதிரே ஒரு மட்டன் றோல்ஸ் கண்ணைத் திறந்தது.

கோழிமுட்டை அளவில் இரண்டு கண். இரண்டு கை, இரண்டு கால், கையில் வெள்ளைக் கையுறை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, றோட்டால் போகிற சனத்தை 'வா வா' என்று கூப்பிடுகிறது. அருளப்புவின் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை.

நான் ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றுவிட்டேன். ஏனென்றால் என் கடைப் பலகையிலும் ஒருவர் நிற்கிறார் — உழுந்துவடை. அவருக்கும் பெரிய கண். அவருக்கும் வெள்ளைக் கையுறை. அவரும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறார். இருபத்திரண்டு வருசமாக நிற்கிறார்!

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் அந்த வடையைத் தெரியாத ஆள் உண்டா? "வடைக்கடையடியிலை நில், வாறன்" என்றுதான் சனம் போனில் சொல்லும். செவ்ரானிலிருந்து வருகிறவனும் ஓல்னேயிலிருந்து வருகிறவனும் சந்திக்கிற இடம் அது. வரைந்தது யார்? நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஓவியம் படித்தேனா? டிசைனரைப் பிடித்தேனா? மா வந்த பையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒரே மூச்சில் வரைந்தேன். உழுந்துவடைக்கு நடுவில் ஓட்டை இருக்கிறதே... முகத்தை எங்கே வைப்பது? படித்தவன் என்றால் ஒரு மாதம் யோசித்திருப்பான். நான் ஓட்டையையே வாயாக்கினேன். வடை 'ஆ' என்று சிரிக்கிறது. முடிந்தது வேலை.

கையுறை ஏன் என்று எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சுத்தம்! சுகாதாரப் பரிசோதகர் உள்ளே வர முன்பே வாசலில் வடையே கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறது. அவருக்கு அரைவாசி மனம் அங்கேயே ஆறிவிடும். இந்த விளக்கத்தை இந்தப் பத்திரிகையில், இதே பத்தியில் நான் ஒருமுறை எழுத, உங்களில் சிலர் பாராட்டிக் கடிதமும் போட்டீர்கள்.

அப்படிப்பட்ட கையுறையைத்தான் அருளப்பு அடித்துவிட்டார்.

அருளப்பு யார் என்று சொல்லவேண்டும். மன்னார் ஆள். பிரான்சுக்கு வந்த புதிதில் செவ்ரானில் ஒரே அறையில் நாலு பேர் இருந்தோம்; என் பாய்க்குப் பக்கத்துப் பாய் அவருடையது. பிறகு என் கடையில் ஒன்பது வருசம் சமையல். அதற்குப் பிறகு தனிக்கடை — அதுவும் நேர் எதிரே. கோபித்தேனா? இல்லை. ரிப்பன் வெட்டியதே நான்தான். அவருடைய மகள் ஜெனிற்றா என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். வருகிற சனிக்கிழமை சென் தெனித் தேவாலயம் ஒன்றில் அவளுக்குக் கலியாணம். கார்ட் எங்கள் வீட்டு மேசையில் இருக்கிறது.

நான் எடுத்த முடிவு? றெக்கொமாந்தே.

இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்கு விளங்கும். கையெழுத்து வைத்து வாங்கவேண்டிய பதிவுத்தபால். இங்கே கத்துவது, சட்டையைப் பிடிப்பது எல்லாம் சண்டைக் கணக்கில் வராது. றெக்கொமாந்தே போட்டால்தான் சண்டை. போட்ட பிறகு அந்த மனிசனோடு இருந்து தேத்தண்ணி குடிக்க ஏலாது. வீட்டுக்காரனுக்குப் போடலாம், முதலாளிக்குப் போடலாம். பக்கத்துப் பாய்க்காரனுக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான்தான் முதல் ஆளாக இருப்பேன். பல விஷயங்களில் அப்படித்தான்.

கடிதம் எழுதித் தருகிற ஒரு தம்பி பிரெஞ்சில் அழகாக எழுதித் தந்தார். எட்டு நாளுக்குள் பலகையை இறக்கு, இல்லையென்றால் நீதிமன்றம். ஒரு குறைதான்.

"ஐயா, இது கொப்பிதான் எண்டு விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் சாட்சிக் கடிதம் தரோணும். தன்ரை கையாலை எழுதி, அடையாள அட்டைக் கொப்பியும் வைச்சு. தமிழாக்களிட்டை வாங்காதேங்கோ. எல்லாரும் உங்கடை சொந்தம் எண்டு நினைப்பாங்கள்."

என் மனுசியிடம் சொன்னேன். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தா, நிமிரவில்லை.

"சனிக்கிழமை நான் கலியாணத்துக்குப் போறன். நீங்கள் தபால்கந்தோருக்குப் போங்கோ."

"பிள்ளையின்ரை கலியாணம் வேறை, பலகை வேறை."

"ஓமோம். தேப்பன் கையெழுத்து வைச்சுக் கடிதத்தை வாங்கிப்போட்டு, அதே கையாலை பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு கோயிலுக்குள்ளை நடக்கட்டும். நீங்கள் முன்வாங்கிலை இருந்து வடிவாப் பாருங்கோ."

மனுசிக்கு வியாபாரம் விளங்காது. இரண்டு நாள் நான் சரியாக நித்திரை கொள்ளவில்லை — அது மழையால்.

சாட்சிக்கு என்னிடம் ஆள் இருந்தது. யூக்கோ. ஜப்பான்காரி, ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு புதனும் மத்தியானம் வந்து இரண்டு வடையும் ஒரு தேத்தண்ணியும். பழைய ஜப்பான் கார்ட்டூன் படச்சுருள்களைப் பழுதுபார்ப்பது அவவின் தொழில். கீறல் விழுந்த, கிழிந்த சுருளை ஒவ்வொரு படமாகத் துடைத்துச் சரிசெய்வா. எது எதன் கொப்பி என்று சொல்ல இதைவிட ஆள் வேண்டுமா? தமிழும் இல்லை, சொந்தமும் இல்லை.

போன புதன் வடையோடு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொண்டுபோய் வைத்தேன். விஷயத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். அவ எழும்பி வெளியே போனா. நடைபாதையில் நின்று வடையைப் பார்த்தா, திரும்பி றோல்ஸைப் பார்த்தா, மறுபடி வடை, மறுபடி றோல்ஸ். ஐந்து நிமிடம். உள்ளே வந்து பையிலிருந்து டாப்லெட்டை எடுத்தா.

"மிசியு, முதலில் இதைப் பாருங்கள்."

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு குரங்கு. ஜப்பான் உடுப்பு, பின்னால் ஜப்பான் கோயில். ஆனால் குரங்கின் கை கால் எலும்பில்லாமல், றப்பர் குழாய் மாதிரி வளைகிறது. வட்டக் கண். கையில் வெள்ளைக் கையுறை. ஒரு காலைத் தூக்கி ஆடுகிறது...

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "இவங்களும் என்னுடைய வடையைப் பார்த்துத்தான் அடித்தார்களா?"

"இது உங்கள் வடைக்கு ஏறக்குறைய எழுபது வருசம் முந்தியது, மிசியு."

சிரிக்காமல்தான் சொன்னா. பிறகு விளக்கினா. ஜப்பான் கொட்டகைகளில் ஆரம்பத்தில் ஓடிய கார்ட்டூன்களில் பிரெஞ்சுக்காரருடையதும் உண்டாம். (நான் இருக்கிற நாடு. குறித்துக்கொள்ளுங்கள்.) பிறகு அமெரிக்கப் படங்கள் வந்து குவிந்தன. ஜப்பான்காரர் தாங்களும் செய்ய வெளிக்கிட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வெளிநாட்டுக்காரர் வரைகிற கண்ணாடித்தாள் சரியான விலை. ஆகவே கடதாசியில் உருவத்தை வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்திப் படம் பிடித்தார்கள். கொட்டகைக்குப் போய் அமெரிக்கப் படத்தை உற்றுப் பார்ப்பார்கள், வந்து வரைவார்கள். அப்படித்தான் ஜப்பான் குரங்குக்கு றப்பர் கை வந்தது, வட்டக் கண் வந்தது. கதையும் கோயிலும் உடுப்பும் மட்டும் தங்களுடையது.

படிப்பு இல்லை, சாமான் இல்லை, பார்த்தே தொழிலைப் பிடித்தார்கள்! எனக்கு அவர்களை உடனே பிடித்துப்போனது. என் ரகம்.

"கையுறை சுத்தத்துக்குத்தானே?"

"இல்லை மிசியு. கறுப்பு வெள்ளைப் படத்தில் உடம்பும் கறுப்பு, கையும் கறுப்பு. கை உடம்புக்கு முன்னால் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காக அமெரிக்கர் வெள்ளைக் கையுறை போட்டார்கள்."

என் வடை பொன்னிறம். கையுறை இல்லாவிட்டாலும் கை தெரியும். இருபத்திரண்டு வருசமாக வேலை இல்லாமல் போட்டிருக்கிறது. பாராட்டிக் கடிதம் போட்டவர்கள் பாராட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

"நீங்கள் இந்தக் கண்ணை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டா யூக்கோ.

"எங்கேயும் இல்லை. என் மண்டையிலிருந்து வந்தது."

"மண்டைக்கு எங்கிருந்து வந்தது?"

இது ஒரு கேள்வியா? பதில் சொல்ல வாயைத் திறந்தேன். செவ்ரான் அறை வந்து முன்னால் நின்றது.

றோட்டில் யாரோ எறிந்த டிவி ஒன்றை நானும் அருளப்புவும் நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்தோம். விசா இல்லை, வேலை செய்ய ஏலாது. புதன்கிழமை காலை பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. டிவி முழுக்கக் கார்ட்டூன். பெரும்பாலும் ஜப்பான் கார்ட்டூன், பிரெஞ்சு பேசும். பெரிய பெரிய கண். இடையில் பழைய அமெரிக்கத் துண்டுப் படங்களும் போடுவான். மீசை வைத்த இரண்டு ஆம்பிளையள், பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்போம். என் பிரெஞ்சே அங்கே படித்ததுதான். விசாக் கவுண்டரில் நான் பேசிய முதல் முழு வசனம், 'நான் ஒருபோதும் பின்வாங்கமாட்டேன்!' அந்த அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த மாதம் வரச் சொன்னா.

ஆக... அமெரிக்காக்காரன் வரைந்ததை ஜப்பான்காரன் பார்த்தான். ஜப்பான்காரன் வரைந்ததைப் பிரெஞ்சுக்காரன் வாங்கிப் போட்டான். பிரெஞ்சுக்காரன் போட்டதை நான் பார்த்தேன். நான் பார்த்த நேரம் பக்கத்துப் பாயில் கிடந்தவர் கண்ணை மூடிக்கொண்டா கிடந்தார்?

யூக்கோ பேனாவை எடுத்தா. "சாட்சி எழுதுகிறேன். அடையாள அட்டை வைப்பதால் உண்மையைத்தான் எழுதவேண்டும். கண், கை, கால், கையுறை — இரண்டு பேருடையதும் இல்லை. ஓட்டையை வாயாக்கியதை மட்டும் நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது உங்களுடையது. ஆனால் அதை அவர் எடுக்கவில்லை."

எப்படி எடுப்பார்? மட்டன் றோல்சுக்கு ஓட்டை இல்லை.

அப்படியே ஒரு பக்கம் எழுதி, கையெழுத்தும் வைத்துத் தந்தா. தன் வழக்கைத் தோற்கடிக்கிற சாட்சியைத் தானே தேடிப்பிடித்து, இரண்டு வடையும் கொடுத்து எழுதுவித்தவன் இந்த நகரத்தில் வேறு யாரும் இருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று மணிக்குச் சனம் குறைந்தது. றோட்டைக் கடந்தேன். மூன்று கிழமையில் முதல் தடவை. அருளப்பு என்னைக் கண்டதும் எழும்பினார். வரவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"கையோடை கொண்டுவந்திட்டியளோ அண்ணை?"

"என்னத்தை?"

"றெக்கொமாந்தே. லாச்சப்பல் முழுக்க இதுதான் கதை. மூண்டு நாளா தபால்காரன் வந்தாலே நான் குசினிக்குள்ளை போய் நிக்கிறன். பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. பெரியப்பா ஏன் மண்டபம் பாக்க வரேல்லை எண்டு கேட்டாள். தடிமன், காய்ச்சல் எண்டன்."

"மூண்டு கிழமையாத் தடிமனோ?"

"போன கிழமை நியூமோனியா ஆக்கிப்போட்டன். சனிக்கிழமையும் நீங்கள் வராட்டி, அதுக்கு மேலை என்ன வருத்தம் சொல்லுறதெண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறன்."

நியூமோனியாவுக்கு மேலே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது எனக்கும் விளங்கியது.

"உந்தக் கையுறையை ஏன் போட்டனீ?"

"சுகாதாரக்காரன் வருவான் எண்டுதான். நீங்கள்தானே அண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சனீங்கள்."

இருந்து, அமெரிக்கா, ஜப்பான், குரங்கு, கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு விரிவுரையாளர் கூட அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கமாட்டார். அருளப்பு கடைசிவரை கேட்டார்.

"அப்ப நீங்களும் கள்ளன்தானே அண்ணை?"

"ஓம். ஆனா லாச்சப்பலிலை நான்தான் முதல் கள்ளன்."

"அதை நான் எப்ப இல்லையெண்டனான்?"

தபாலில் போடாமல் வைத்திருந்த கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வாசிக்கவில்லை. அப்போதுதான் சட்டியிலிருந்து இறக்கிய றோல்ஸ் இரண்டை அதற்கு மேல் வைத்தார். எட்டு நாள் கெடுவும் நீதிமன்றமும் எண்ணெய் குடிக்கத் தொடங்கின.

"சனிக்கிழமை பத்து மணிக்கு, அண்ணை. முன்வாங்கு."

"எனக்கு நியூமோனியா எல்லோ?"

"ஞாயிறு பூசையிலை வேண்டிக்கொண்டன். சுகமாயிட்டுது."

பிறகு தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டி, ஒரு உப்புக்கல்லும் போட்டு — முழுக்க முழுக்க என் கடை முறை. எங்கே பழகினாய் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு கோப்பை கேட்டேன்.